மகளுக்கு, அந்த மேல் குன்னூர் வீட்டைப் பற்றி

அன்புள்ள கண்ணுவுக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் ப்ளூ டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். நீ அனுப்பிய கிரயப் பத்திர வரைவை பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து மூன்று தடவை படித்துவிட்டேன். திருத்த வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்து இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

நீ போன் பண்ணி மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தாத்தா சிம்ஸ் பூங்காவில் முப்பத்தோரு வருஷம் மண்வெட்டி பிடித்தவர். வேலை முடிந்து வரும்போது பெட்போர்டு பக்கம் பங்களா வேலி ஓரமாகவே என்னைக் கூட்டிவருவார். ஒவ்வொரு கேட்டிலும் நின்று இது இன்ன செடி, இது இன்ன மரம் என்று காட்டுவார். எந்தக் கேட்டுக்குள்ளும் நாங்கள் போனதில்லை. அந்தத் தெருவில் அவர் பேத்தி ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு வீடு பேசுகிறாள். பத்திரம் பதிவாகிற வரை யாரிடமும் சொல்லாதே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

நீ சொல்லாமலேயே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கோபப்படாதே. நாற்பத்திரண்டு வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பத்திரம் எழுதியவன், சொந்த மகள் வாங்குகிற இடத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பேன்?

வீடு நல்ல வீடுதான். மரத் தரை இன்னும் உறுதியாக இருக்கிறது, வெயிலும் வருகிறது. விஷயம் பின்பக்கத் தடுப்புச்சுவரில். பன்னிரண்டு அடி உயரம் இருக்கும். தூர நின்று பார்த்தால் நேராகத் தெரிகிறது. உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தால் நடுவில் வயிறு தள்ளியிருப்பது தெரியும். தண்ணீர் வடிய ஆறு குழாய் விட்டிருக்கிறார்கள், நான்கில் பாசியும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. குடைக் கம்பியை விட்டுப் பார்த்தேன், ஒரு விரல் நீளம்கூடப் போகவில்லை. விரிசல் மேல் புது சிமென்ட் பூசி, அதன் மேல் வெள்ளை அடித்திருக்கிறார்கள். இந்த நவம்பர் மழை முடிந்த பிறகு அந்தச் சுவரை இன்னொரு தடவை பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. 2009 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். லைன் கிடைக்காமல் இரண்டு நாள் நீ அழுததாக வார்டன் அம்மா அப்புறம் சொன்னார்கள். சுவருக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர் என்ன செய்யும் என்று அப்போது நம் தெருவிலேயே பார்த்தோம்.

மேலே இன்னொரு மாடி எடுத்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னானாமே? 1993 மாஸ்டர் பிளான் வந்ததிலிருந்து இங்கே 7 மீட்டருக்கு மேல் எழுப்ப விடமாட்டார்கள். ஜேசிபி இறக்கவும் போர்வெல் போடவும் கலெக்டர் அனுமதி வேண்டும். கூரை மேல் சாய்ந்து நிற்கிற அந்தக் கற்பூர மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும், மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. தண்ணீரும் அப்படித்தான். ரேலியா அணை இறங்கிவிட்டால் மேல் குன்னூர், கீழ் குன்னூர் என்று பேதம் கிடையாது. போன ஏப்ரலில் நமக்குக் குழாயில் தண்ணீர் வந்தது பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை. அங்கே லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

செலவுக் கணக்கு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு கோடியே நாற்பதுக்குப் பன்னிரண்டு லட்சத்து அறுபதாயிரம். வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் எழுதி மீதியைக் கையில் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வரும். வேண்டாம். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் பத்திரத்தில் வரட்டும்.

ஒரு நாள் சாயங்காலம் அங்கேயே எட்டு மணி வரை நின்றேன். அந்த வளைவிலிருந்து பதினான்கு வீடு தெரிகிறது. மூன்றில்தான் விளக்கு எரிந்தது. மற்றவர்களெல்லாம் மே மாதம் பழக் கண்காட்சி சமயத்தில் வந்துவிட்டுப் போகிறவர்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். ராத்திரியில் காட்டெருமை ரோட்டிலேயே படுத்துக்கொள்கிறதாம், கரடியும் வருகிறதாம். பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. மரமும் பனியும் பகலில் அழகாகத்தான் இருக்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைசியாகப் பேசினபோது நீ கேட்டாய்: "அப்பா, அங்க ஒருத்தி தனியா இருந்தா பயமில்லையா?" லீவுக்கு வருவதைச் சொல்கிறாய் என்று நினைத்து, பயமென்ன என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். லீவுக்கு வந்தால் நீங்கள் மூன்று பேரும்தானே வருவீர்கள்?

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். நான்காம் பக்கத்தைப் பார். தாய்ப் பத்திரம் 1968. வாங்கியவர் 1987-ல் இறந்திருக்கிறார். வாரிசுச் சான்றில் நான்கு பேர். 1991-ல் விற்றபோது கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். நான்காவது ஒரு பெண். அவள் என்ன ஆனாள், எங்கே இருக்கிறாள், தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாளா, ஒன்றுமே இல்லை. வில்லங்கச் சான்று பதிமூன்று வருஷத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள். 1968-லிருந்து போடச் சொல். செக்குபந்தியில், அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தில், வடக்கே ஓடை என்று பழைய பத்திரத்தில் இருக்கிறது, உன் வரைவில் வடக்கே பாதை என்று வந்திருக்கிறது. புல வரைபடத்தை வைத்துச் சர்வேயரை அளக்கச் சொல். பட்டா கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா என்று பார். அவசரப்படாதே. அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்காமல் வாங்காதே.

அப்புறம் இரண்டாம் பக்கம். வாங்குபவர் என்ற இடத்தில் மாப்பிள்ளை பெயர் மட்டும் இருக்கிறது.

டைப் அடித்தவர் விட்டுவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். மற்ற பக்கங்களையும் பார்த்தேன். எங்கேயும் உன் பெயர் இல்லை. கடன் உன் சம்பளத்தில் பிடிக்கப்போகிறார்கள் என்று நீதான் சொன்னாய். உன் பி.எஃப். பணமும் இதில் போகிறது. நான் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி, "பத்திரம் யார் பேருல கண்ணு?" சரிப்பா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். அதோடு மூன்று வாரம்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அவர் வந்து நின்றதை மறக்கமாட்டேன். ஆனால் பணம் யார் கட்டினார்கள் என்று பத்திரம் சொல்லாது, பெயரை மட்டும்தான் சொல்லும். அவரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் வருமான வரியைச் சொல்லிப் பேசு. பழைய முறையில் வட்டிக்குச் சலுகை கேட்க வேண்டுமென்றால் கடனிலும் உன் பெயர் இருக்க வேண்டும், பத்திரத்திலும் இருக்க வேண்டும். அது உண்மையும்கூட. ஆடிட்டர் சொன்னார் என்று சொல். இரண்டு பேர் பெயரில் வாங்கினால் யார் எவ்வளவு போட்டீர்களோ அந்தப் பங்கையும் எழுதிவிடு. எழுதாமல் விட்டால் பின்னால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

நீ படித்தவள், பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவள். உனக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றுதான் மூன்று வாரமாக எழுதாமல் இருந்தேன்.

அத்தை ஏன் நம் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை என்று சின்னப் பிள்ளையில் கேட்டுக்கொண்டே இருப்பாய். கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று அவளும் சொல்வாள், நானும் சொல்வேன்.

1994. தாத்தா போய் ஏழு மாதம். பாட்டி அதற்கு முன்னாலேயே போய்விட்டாள். இந்த ஐந்து சென்ட்டும் ஓட்டு வீடும் தாத்தா தன் சம்பளத்தில் வாங்கியது. உயில் கிடையாது. அப்படியென்றால் 1956 சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. பெண்களுக்குப் பங்கு 1989-ல்தான் வந்தது, அதற்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு அதுவும் இல்லை என்று அப்போது ஊரில் பேசிக்கொள்வார்கள். அது பூர்வீகச் சொத்துக்கு. அப்பா சுயமாகச் சம்பாதித்ததற்கு அந்தப் பேச்சே கிடையாது. எனக்கு இது நன்றாகத் தெரியும், தினமும் இதை எழுதித்தான் சாப்பிட்டேன். அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போட்ட ஒன்பது பவுன்தான் உன் பங்கு, சட்டமே அப்படித்தான் என்று அவளிடம் சொன்னேன்.

விடுதலைப் பத்திரத்தை நானே என் கையால் எழுதினேன். ரூபாய் ஐயாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும், இனி மேற்படி சொத்தில் தனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்றும் அவள் சொல்வதாக எழுதினேன். அந்த ஐயாயிரத்தை நான் கொடுக்கவே இல்லை. ஒரு புடவையும் பஸ்ஸுக்கு ஐம்பது ரூபாயும் கொடுத்தேன். எங்கே அண்ணா போடணும் என்று கேட்டாள். பக்கம் பக்கமாக விரலை வைத்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் பேனாவை நிறுத்தி, "அப்பா பேரை அழகா எழுதியிருக்கே" என்றாள். அப்புறம் போட்டாள்.

மூன்று வருஷம் கழித்து மாமா தவறியபோது மேட்டுப்பாளையத்தில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி தங்குவதை மட்டும் நிறுத்திவிட்டாள். இன்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள், முட்டி வலியோடு மாடிப்படி ஏறுகிறாள். பொங்கலுக்கு முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு வருகிறாள். இந்த வீட்டை பேங்கில் வைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அதில் பாதி அவளுடையது என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

அந்த நான்காம் பக்கத்தில் கையெழுத்து இல்லாத பெண்ணைப் பற்றிப் படித்தபோதே எனக்குக் கை ஓடவில்லை. அப்புறம் இரண்டாம் பக்கத்தில் உன் பெயர் இல்லாததைப் பார்த்தேன்.

அத்தைக்கு எழுத வேண்டிய பத்திரத்தை எழுத ஆரம்பித்திருக்கிறேன். கை நடுங்குகிறது. பேரன் ஸ்கூலுக்குப் போகிறானா? இருமல் விட்டதா? அவனுக்கு அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள், தோள் அளவு அனுப்பு.

இரண்டாம் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே உன் பெயரை, தாத்தா வைத்த முழுப் பெயராகவே, பென்சிலில் எழுதியிருக்கிறேன். உன் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று நீ நினைத்தாலும் சொல், அதற்கும் வரைவு எழுதித் தருகிறேன். வீடே வேண்டாம், இங்கே நம் வீட்டுக்கு வருகிறேன் என்றாலும் சரி. முன் அறை சும்மாதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வர பதினொரு மணி ஆகும். நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன். அப்போது போன் பண்ணு.

அப்பா