அந்த ஏர் கன்னை எடுத்து உள்ளே வை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் இருமல் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். மகனை, உலோகம் வெட்டும் கார்பைடு டூல்களைத் தீட்டும் கிரைண்டிங்கில் நிறுத்தியிருப்பதாகவும், நம்மைப் போலவே ஷிப்ட் முடிந்ததும் காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னால் சட்டையை ஊதிக்கொண்டு வருகிறான் என்றும் பெருமையாக எழுதியிருந்தாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

எனக்கு இருப்பது ஆஸ்துமா இல்லையாம். இரண்டு வருடம் இன்ஹேலரை உறிஞ்சியதுதான் மிச்சம். லீவு போட்டால் இருமல் அடங்கும், வேலைக்குப் போன இரண்டாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும். இது எனக்குத் தெரிந்தே இருந்தது, ஆனால் எந்த டாக்டரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அவர்களும் சிகரெட் உண்டா என்று கேட்டார்களே தவிர, என்ன வேலை என்று கேட்கவில்லை. நாலாவதாகப் பார்த்தவர் ஒரு பயிற்சி டாக்டர், நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்து நகங்களைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். விரல் நுனிகள் உப்பி உருண்டிருந்தன. நுரையீரல் நாள்பட்டுக் கெட்டால் அப்படி ஆகுமாம். அப்புறம், "ரேகைக்குள்ளே என்ன இவ்வளவு கறுப்பு?" என்றார். முப்பது வருடக் கறுப்பு, எந்த சோப்புக்குப் போகும்? அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் வெளியே வந்தது.

ஸ்கேனில் நுரையீரல் எமரி தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பார்த்ததில், பக்கத்துச் செல்களை விழுங்கி ஊதிப்போன ராட்சத செல்கள் தெரிந்தன. ஹார்ட் மெட்டல், அதாவது கடின உலோக நோய் என்றார்கள்.

நாம் கார்பைடு என்று சொல்வது டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டால் பிணைத்துச் சூளையில் சுட்டது என்பது உனக்குத் தெரியும். டூலின் வெட்டும் முனை உடையாமல் நிற்பதே அந்தக் கோபால்ட்டால்தான். நுரையீரலில் வேலையைக் காட்டுவதும் அதுதான், கார்பைடோடு சேர்ந்து போகும்போது இன்னும் மோசம். 1920களில் ஜெர்மனியில் வந்த சரக்கு இது. 1940லேயே அதில் வேலை பார்த்தவர்களின் எக்ஸ்ரேயில் கோளாறு இருப்பதை அங்கே எழுதி வைத்துவிட்டார்கள். நாம் பிறக்கும் முன்பே! நாம் வேலை கற்ற கம்பெனியில் ஒருத்தராவது நமக்குச் சொன்னார்களா?

சாயங்காலம் கூரை ஓட்டை வழியாக வெயில் விழும்போது தூசி மினுமினுக்குமே, அதைப் பார்த்துத்தானே பயப்படுவோம். கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடுமாம். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள். 5 மைக்ரானுக்குக் கீழே இருப்பதுதான் கடைசிக் காற்றறை வரை போகிறது. டூலைத் தேய்க்கும் டைமண்ட் வீல் உதிர்ப்பதில் அதுவும் இருக்கிறது. ஏர் கன் அடித்தால் படிந்து கிடந்தது மறுபடி மூச்சு விடும் உயரத்துக்கு எழும்பி வருகிறது. கைக்குட்டை கட்டினால் அதற்குத் தடையே இல்லை.

சூட்டைத் தணிக்கும் கூலண்ட் திரவம் ஓடுகிறதே, தூசி ஏது என்பாய். நானும் அப்படித்தான் நம்பினேன். கோபால்ட் கூலண்டில் கரையும். அதே கூலண்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் கரைந்தது சேர்ந்துகொண்டே போகும், பிறகு வீலிலிருந்து தெறிக்கும் பனித்துளியோடு மூச்சில் ஏறும். நம் தொட்டியை நாம் எப்போது முழுசாகக் காலி செய்தோம்? மேலே மேலே ஊற்றினோம், அவ்வளவுதான்.

இன்னொன்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். பக்கத்து மெஷினில் அதே முப்பது வருடம் நின்ற நீ மாடிப்படியில் ஓடுகிறாய், எனக்குப் பாதிப் படியில் மூச்சு வாங்குகிறது. சிலருடைய உடம்பு வாகு பிறவியிலேயே இதற்கு இடம் கொடுக்கிறதாம். பெரிலியம் என்ற உலோகத்தின் தூசியிலும் இதே கதைதான். கொஞ்ச நாள் வேலை பார்த்தவனுக்கும் வந்திருக்கிறது. அதனால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிற கணக்கை மகன் மேல் போடாதே.

வெல்டிங் பகுதி அண்ணன் எக்ஸ்ரேயைப் பார்த்து எல்லோரும் பதறினோமே, ஞாபகம் இருக்கிறதா? நெஞ்சு முழுக்கப் புள்ளி புள்ளியாக. அது இரும்புத் தூசி படிந்ததாம், பெரும்பாலும் மூச்சைக் கெடுக்காது, வேலையை விட்டால் புள்ளிகள்கூட மெல்ல மங்கலாம். அதற்காக வெல்டிங் புகை நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பட்டியலில் 2017ல் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

நான் வேலையை விட்டுவிட்டேன். மருந்துக்கு முன்னால் அதுதான் வைத்தியம் என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறது, முகம் உப்பிவிட்டது, பசி தாங்கவில்லை. மங்கலாக இருந்த இடம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தழும்பாக இறுகிப்போனது இறுகியதுதான். நுரையீரல் பலத்தைப் பார்க்கும் ஊதும் சோதனையில் இருக்க வேண்டியதில் 58 சதவீதம் வந்தது, இப்போது 64.

நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். ஏர் கன்னை எடுத்து உள்ளே வை, பெருக்கவும் விடாதே, நல்ல ஃபில்டர் உள்ள வாக்யூம் வாங்கு. வீலுக்குப் பக்கத்திலேயே உறிஞ்சு குழாய் வை, சுவரில் ஓடும் ஃபேனை எக்ஸாஸ்ட் என்று கணக்குக் காட்டாதே. கூலண்டை மாற்று. கோபால்ட் கரையாத வகை என்று தனியாகவே இருக்கிறது, சப்ளையரிடம் கேள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரவிடாதே. மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். மகன் தாடி வளர்க்கிறானா?

அவனுக்கு ஒன்றுமில்லாத இப்போதே ஊதும் சோதனையை எடுத்து வை. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு அப்படி ஒரு தாள் இல்லாமல் போயிற்று. அவன் எண் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய மெஷின் பக்கத்துக்காரன்