சிடி டிரைவ் இல்லை என்பதற்காக மடிக்கணினியைக் கழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணன் மகள் மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் புதிய தலைமுறைச் செயலியும் இருந்தால்தான் முறைப்படி ஏறும். ஆகவே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை (ஓஎஸ்) போட்டுத் தர முடியுமா என்று பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கேட்டோம். "இதில் சிடி டிரைவே இல்லையே, எதை வைத்து ஓஎஸ் போடுவது? புதிதாக ஒன்று எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் பாடுபடும் என் அண்ணனுக்கு அது எளிதாகச் சொல்லக்கூடிய பதில் அல்ல. அதைவிட, சொன்ன காரணமே தவறு என்பதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

சிடி டிரைவ் இல்லாத மடிக்கணினியில் இயங்குதளம் நிறுவ 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். இரண்டு நாள் முயன்று நானே செய்து முடித்தேன். முதல் நாள் நான் செய்த பிழையைப் பலரும் செய்யக்கூடும் என்பதால் சொல்கிறேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பதிவிறக்கி, பாட்டுக் கோப்பை நகலெடுப்பதுபோல் அப்படியே பென் டிரைவில் போட்டுவிட்டேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கோப்பை நகலெடுப்பது வேறு, ரூஃபஸ் போன்ற ஒரு செயலியைக் கொண்டு பென் டிரைவையே பூட் ஆகும்படி, அதாவது கணினி அதிலிருந்தே தொடங்கும்படி, எழுதுவது வேறு. அப்படி எழுதும்போது அதில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். மறுநாள் சரியாக எழுதிச் செருகி, விண்டோஸில் ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்து (விரைவாகத் தொடங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருக்கும்வரை ஷட்டவுன் முழு அணைப்பு ஆகாது), எஃப்12 விசையை விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருந்தேன். கறுப்புத் திரையில் வந்த சிறு பட்டியலில் ஹார்டு டிஸ்க்கின் பெயருக்குக் கீழே பென் டிரைவின் பெயரும் இருந்தது. சில நிறுவனக் கணினிகளில் இந்த விசை எஃப்9 ஆகவோ வேறாகவோ இருக்கும். யூஎஸ்பி பூட் முடக்கப்பட்டிருந்தால் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் சென்று அதை முதலில் இயக்க வேண்டும்.

நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. வைஃபை, ஒலி, கேமரா, விசைப்பலகை அனைத்தையும் அப்போதே சோதித்துவிட வேண்டும். வைஃபை உடனே எடுக்காவிட்டால் கைபேசியைக் கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தால் வேலை நடக்கும். ஹார்டு டிஸ்க்கை முழுவதும் அழிக்கும் தெரிவை அழுத்துவதற்கு முன் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறோர் இடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். இதில் அவசரப்பட்டு இழந்தவற்றைப் பெரும்பாலும் மீட்க முடியாது. இன்று அந்தப் பிள்ளை அதே கணினியில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் கட்டுரை தட்டச்சு செய்கிறாள்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. அதை அறிந்திருந்த வீடுகள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலோ பல ஆண்டுகளாகக் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளே பாடத்தோடு நடத்தப்படுகிறது. கருவியைக் கொடுத்தோம், அதைக் கையாளும் வழியைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு வருத்தமே.

ஆகவே ஒரு வேண்டுகோள். மதுரை புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய ஊர்களின் நூலகங்களிலும் மாதம் ஒரு சனிக்கிழமை இதற்கென ஒதுக்கலாம். வென்டாய் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிட்டால் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றிலேயே நான்கைந்து இயங்குதளங்களின் ஐஎஸ்ஓ கோப்புகளை வைத்துக்கொண்டு, வேண்டியதைத் தேர்ந்து பூட் செய்யலாம். செலவு சில நூறு ரூபாய்தான். பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்கள் இருவர் உடனிருந்தால் போதும். நூலகத் துறை முன்வருமானால், மாதம் தவறாமல் வந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.