திகிலுக்குப் பங்களா எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளைஞர்களுக்கான காதல் திகில் தொடர்களில் குடும்ப ரகசியம் என்றாலே மலையுச்சிப் பங்களாவும் பூட்டிய அறையும் வந்துவிடுகின்றன. பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கோ, தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இருபோக நெல் விளையும் ஒரு வயலின் பத்திரப் பதிவுகளைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றே போதுமான திகிலைத் தரும்.

இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில், அதுவரை மணமாகாத மகள்களுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் மகள்களுக்கு அவ்வுரிமை 2005இல்தான் வந்தது. 1989க்குப்பின் மணமான தன் அக்காளிடம் விவரம் சொல்லாமல், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய ஒருவரின் மகன், அந்த அத்தையின் மகளையே விரும்பி, பரிசம் போடவிருக்கும் வாரத்தில் அப்பத்திரத்தைக் கண்டெடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் தந்தையை இழப்பான், மறைத்தால் அவளை. (பதிவேட்டில் பெருவிரல் ரேகை வேறு இருக்கும், கிழித்தெறிந்து தப்ப முடியாது.)

இத்தகைய துரோகத்தை ஒரு மழைக்காட்சியில் மன்னித்து முடிப்பது வாசகரை ஏமாற்றுவதாகும். தங்கள் ஞாயிறு இணைப்பின் அடுத்த தொடரை இப்பகுதி இளம் எழுத்தாளர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். பத்திரப்பதிவு நடைமுறையில் அவருக்கு ஐயம் எழுந்தால் விளக்கிச் சொல்ல ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.