ஸ்டெம் செல் மருந்தல்ல: ஒரு திருத்தம் வேண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'மார்பகப் புற்றுநோயை ஸ்டெம் செல் வேரோடு அழிப்பதாக ஆய்வில் தெரியவந்துள்ளது' என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சையில் ஒரு மார்பகத்தை இழந்து, கீமோவும் கரன்ட் எனப்படும் கதிர்வீச்சும் முடித்து மீண்ட என் தங்கை, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, இது அப்பவே இருந்திருந்தா எனக்கு எடுத்திருக்கவே வேண்டாமே?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்டெம் செல் என்பது தன்னையும் பெருக்கிக்கொண்டு, மற்ற வகைச் செல்களையும் உருவாக்கவல்ல மூலச் செல். மார்பகப் புற்றுநோயில் ஆய்வு சொல்வது தங்கள் செய்திக்கு நேர் எதிரானது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2003இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முகம்மது அல்-ஹாஜ், மாக்ஸ் விச்சா, மைக்கேல் கிளார்க் ஆகியோர், நோயாளிகளின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்களை வகை பிரித்து, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தனர். சிடி44 என்ற புரதத்தை மேற்பரப்பில் கொண்டு, சிடி24 என்ற மற்றொரு புரதம் குறைந்தோ இல்லாமலோ இருந்த செல்களில் 100ஐச் செலுத்தியே புதிய கட்டி உண்டாயிற்று. மற்ற செல்களில் பல்லாயிரத்தைச் செலுத்தியும் உண்டாகவில்லை. கட்டியை மீண்டும் முளைக்கச் செய்யும் அந்தச் சிறு கூட்டத்தைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறார்கள். அழிக்கப்பட வேண்டியதே அதுதான். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோழிகளுக்குக் கொடுக்கும் சாலினோமைசின் என்ற மருந்து இத்தகைய செல்களைக் குறைத்தது. என் தங்கைக்குக் கீமோவில் ஏற்றிய பாக்லிடாக்செல் என்ற மருந்து அவற்றைக் குறைக்கவில்லை. சாலினோமைசினின் அந்தப் பலனும் ஆய்வுக்கூட அளவில் கண்டதே தவிர, அம்மருந்து மார்பகப் புற்றுநோய்க்கான வழக்கமான சிகிச்சையாக இன்றுவரை ஆகவில்லை.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் என்ற முறையில், தங்கள் மருத்துவப் பக்கத்தின் பிழைகளைச் சுட்டி முன்பும் இருமுறை எழுதினேன். இரண்டையும் தாங்கள் வெளியிடவில்லை. கோலத்துக்கும் சமையல் குறிப்புக்கும் வாசகியரின் திருத்தம் உடனே அச்சாகிறது. பெண்ணின் உயிரைப் பற்றிய செய்தியில் மட்டும் அந்தக் கவனம் ஏன் இல்லாமற்போயிற்று என்று கேட்பதற்காக என்னைப் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம், ஸ்டெம் செல் ஊசி மூட்டுவலியைத் தீர்க்கும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னதை நம்பி, நகைகளை அடகு வைத்தது. வலி தீரவில்லை, நகைகளும் மீளவில்லை. இரத்தம் தொடர்பான நோய்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர, மற்றெதையும் முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே நோயாளிகளுக்குச் செய்யக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. தங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்ன விளக்கத்தை என் தங்கை இன்னும் முழுமையாக நம்பவில்லை. அச்சில் வந்ததைத்தான் நம்புகிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி