தீபாவளிக்கு அடிக்கும் பெயின்ற் வைகாசியில் ஏன் உரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரப் பதிப்பில் கடலோரச் சிறு வீடுகளை அழகுபடுத்துவது பற்றி வந்த குறிப்புகளைப் படித்தோம். சுவர்க் கடதாசி, கடும் நீலப் பூச்சு, சீலிங்குக்குள் பதித்த மின்குமிழ் எல்லாம் படத்தில் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் ரயில் பாதையை ஒட்டி நாலைந்து பேர்ச் காணியில் நிற்கும் பழைய வீட்டில் இவை ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிய காரியம். அங்கே புதிதாகக் குடிவருபவர்கள் நிறம் தெரிவுசெய்வதற்கு முன்பு பார்க்கவேண்டியவை வேறு. பழுதுபார்ப்பு வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் அவற்றை எழுதுகிறோம்.

முதலில் காலம். நம்மவர்கள் பெரும்பாலும் தீபாவளிக்கு முன்தான் பெயின்ற் வாளியைத் திறக்கிறார்கள். கொழும்பில் ஒக்டோபரும் நவம்பரும் இடைப்பருவ மழை கொட்டும் மாதங்கள். வெளியே காய்ந்ததுபோல் தெரியும் சுவர் உள்ளே ஈரமாகவே இருக்கும். அதன்மேல் பிளாஸ்ரிக் இமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளே பூட்டப்படும். அடுத்த மே மாதம் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து உப்புச் சாரலை நேரே சுவரில் அடிக்கும்போது, பூச்சு கொப்பளித்துத் தோலாக உரிகிறது. பெயின்ற் கம்பனியைத் திட்டிப் பயனில்லை. கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். வெளிச்சுவர் வேலையை அந்த இரண்டு மாதங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் மாலை மழை தொடங்கிவிடும். பொங்கலை ஒட்டி வெள்ளையடித்த பழைய வழக்கம் கொழும்பின் வானிலைக்குச் சரியாகவே பொருந்துகிறது.

அடுத்தது உப்பு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கொழும்பில் இரவும் விடிகாலையும் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். வெயில் ஏறினால் இறங்கிவிடும். ஆகவே சுவருக்குள் இருக்கும் உப்பு கரைவதும் படிகமாவதுமாக ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. படிகம் வளரும்போது தன் முன்னால் இருக்கும் பூச்சையும் சாந்தையும் தள்ளுகிறது. சுவரில் வெள்ளைப் பொடி பூப்பதும், விரலால் தட்டினால் சாந்து மணலாகக் கொட்டுவதும் இதனால்தான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு சதமும் செலவழிக்கவேண்டாம். தரையிலிருந்து மூன்று அடி வரை அலையலையாகக் கறை ஏறியிருந்தால் அது நிலத்து ஈரம். மூலையிலோ யன்னலுக்கு மேலோ திட்டாக இருந்தால் கூரை, பீலி, யன்னல் மேற்கொங்கிரீட்டு ஆகியவற்றைப் பாருங்கள். அலுமாரிக்குப் பின்னால் மட்டும் கறுத்திருந்தால் அது பூஞ்சணம், காற்றோட்டம் இல்லாததால் வருவது. சந்தேகமானால் ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் இருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

நிலத்து ஈரத்துக்கு மிக மலிவான வைத்தியம் வெளியே இருக்கிறது. வீதிக்கு மேல் வீதி தார் போட்டு, முற்றத்துக்கு மேல் இன்ரலொக் கல் பதித்து, பல ஒழுங்கைகளில் வீட்டுத் தளம் வெளி நிலத்தைவிடத் தாழ்ந்துவிட்டது. வெளி நிலம் வீட்டுத் தளத்தைவிட ஆறு அங்குலமாவது கீழே இருக்கவேண்டும். முழு முற்றத்தையும் கிளற முடியாவிட்டால் சுவரோரமாக ஓர் அடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து, மண்ணை இறக்கி, சல்லிக்கல் நிரப்பி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுங்கள். மழைநீர் தெறித்துச் சுவரில் படுவதும் இதோடு நிற்கும்.

பிறகுதான் சாந்து. உப்பேறிய சாந்தைக் கறை தெரியும் உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை செதுக்கி எடுக்கவேண்டும். கற்களுக்கிடையிலான மூட்டுகளையும் முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டவேண்டும். கொட்டிய சாந்தை உடனே வெளியேற்றுங்கள். அறையில் குவித்து வைத்தால் அதிலுள்ள உப்பு மறுபடி தளத்தில் இறங்கும். வெள்ளைப் பொடியைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். முரட்டுப் பிரஷால் உலர்வாகத் தேய்த்துத் தட்டில் அள்ளுங்கள். பிறகு சுவரை வெறுமையாக விடவேண்டும். சுவர் காய்வதற்குத் தடிப்பில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை என்பது தெரியும். ஆனாலும் ஒரு வறட்சிக் காலமாவது விடாமல் பூசினால் செலவு மண்ணாகும்.

பழைய வீடுகள் பல கபொக் கல்லையும் (செம்புரைக் கல்) சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு கட்டியவை. அவை மூச்சுவிடும் சுவர்கள். அவற்றின்மேல் கெட்டிச் சீமெந்துச் சாந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். கபொக் சுவருக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. செங்கல், புளொக்கல் சுவர்களுக்குச் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசவேண்டாம்.

மணலும் தண்ணீரும் இங்கே அநேகமாகக் கோட்டைவிடும் இடங்கள். சரியாகக் கழுவாத கடல் மணலைச் சாந்தில் போட்டால் நீங்களே உப்பைச் சுவருக்குள் வைத்துப் பூசியதாகும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர்க் கட்டணத்தை மிச்சம்பிடிக்கப் பாஸ்மார் (மேசன்மார்) கிணற்று நீரில் சாந்து குழைப்பார்கள். ஒரு தட்டில் அந்த நீரை ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். அடியில் வெள்ளைப் படிவு தடிப்பாக நின்றால் அந்தக் கிணறு வேலைக்கு ஆகாது. சாந்து குழைக்கவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம், பெயின்றுக்கு முன் சுவர் கழுவவும் வேண்டாம்.

ஈரக் கறையை மறைக்க நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது இப்போது ஒரு நோய்போலப் பரவியிருக்கிறது. டைல்ஸுக்குப் பின்னால் ஈரம் நிற்கப்போவதில்லை. நாலடிக்கு மேல், டைல்ஸ் முடியும் கோட்டுக்குச் சரியாக மேலே, புதிய கறையாக வெளிப்படும். முன்பு மூன்றடியில் இருந்தது இப்போது ஐந்தடியில். ஜிப்சம் போர்ட் அடித்து மறைப்பதும், சுவர்க் கடதாசியும் இதே கதைதான், கூடவே பூஞ்சணத்துக்குத் தீனி.

பெயின்ற் அடிக்கப் போகும்போது ஒரு சிறு விஷயம்: கடற்பக்க வெளிச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் எப்போதும் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு அடிக்கவேண்டும். முதற்கோட்டுக்கும் (முதல் தடவைப் பூச்சு) இரண்டாம் கோட்டுக்கும் இடையில் சில நாள் இடைவெளி விழுந்துவிட்டால் மறுபடியும் கழுவவேண்டும், ஏனென்றால் இடையில் படிந்த உப்பு இரண்டு கோட்டுகளுக்கும் நடுவே இருந்துகொண்டு நீரை இழுத்துக் கொப்பளம் எழுப்பும். பழைய பெயின்றில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். விரலில் சுண்ணாம்புபோல மாவு ஒட்டினால் அதன்மேல் புதியது பிடிக்காது. தேய்த்துக் கழுவி, பைண்டர் (மாவான பரப்பைப் பிணைக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட்டு கொடுத்த பிறகே தொடரவேண்டும். புதிய சீமெந்துச் சாந்து என்றால் 28 நாள் பொறுங்கள். அதன் காரம் பூச்சைத் தின்றுவிடும்.

அளவு கேட்பவர்களுக்கு: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, யன்னல் கழித்தால் சுமார் 390. ஒரு லீற்றர் இமல்ஷன் மட்டமான சுவரில் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி போகும். இரண்டு கோட்டுக்கு நாலு லீற்றர் வாளி இரண்டு. முதலில் அடிக்கும் வோல் ஃபில்லர் இன்னொரு வாளி. கரடுமுரடான சுவர் அதிகம் குடிக்கும். பெயின்றில் தண்ணீர் கலக்கும் அளவை வாளியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு குவளை ஊற்றும் பாஸிடம் வாளியை வாசிக்கக் கொடுக்கலாம். பழைய இனாமல் பூச்சை உலர்வாக அரத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம். பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் சட்டக் கட்டுப்பாடு வருவதற்கு முன்பு அடித்தவை அந்தச் சுவர்களிலும் கதவுகளிலும் இன்னும் இருக்கின்றன. நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

இரும்புக்கு வருவோம். யன்னல் கிறில்லில் கறளைத் தட்டிவிட்டு அன்றி கொரோசிவ் (கறள் தடுப்பு) பெயின்ற் அடித்தால் அடுத்த வருடம் அதே கறள் பூச்சைக் கிழித்துக்கொண்டு வருகிறது. கறளின் குழிகளுக்குள் உப்பு இருப்பதுதான் காரணம். கம்பிப் பிரஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவைத்து, அன்றே பிரைமர் அடிக்கவேண்டும். இரவு தாண்டினால் உப்புக் காற்று மறுபடி படிந்துவிடும். துத்தநாகம் கலந்த எபொக்சி பிரைமர் இரண்டு கோட்டு. விளிம்புகளிலும் வெல்டிங் மூட்டுகளிலும் முதலில் தனியாக ஒரு கோட்டு, ஏனென்றால் பெயின்ற் விளிம்பிலிருந்து விலகி ஓடும். பழைய சோனகத் தெருவில் பிணைச்சல், கொண்டி, ஆணி வாங்கும்போது ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒரு சொல்லில் திருப்திப்படாதீர்கள். 304 ரகம் கடற்காற்றில் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறும். மொலிப்டினம் கலந்த 316 ரகம் தாங்கும். பித்தளையும் தாங்கும், மங்கும் அவ்வளவுதான். அலுமினிய யன்னலைச் சாதாரண இரும்பு ஸ்குரூவால் இறுக்கினால் ஸ்குரூ கறளாகி அலுமினியமும் அதைச் சுற்றி வெள்ளைப் பொடியாகும்.

கொங்கிரீட் ஸ்லாப்பின் அடியில் நீளவாக்கில் வெடிப்போ பழுப்புக் கறையோ தெரிந்தால் சீலிங் அடித்து மறைக்கவே கூடாது. கம்பி கறளாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருத்து, அடியிலிருக்கும் கொங்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. தொங்கும் துண்டு ஆளின் தலையில் விழக்கூடியது. மேலாகச் சீமெந்து அப்பினால் சில மாதங்களில் துண்டோடு விழும். கம்பியின் பின்பக்கம் விரல் போகும்வரை கொத்தி, கம்பியைச் சுத்தமாக்கிப் பூச்சிட்டு, பழுதுபார்க்கும் சாந்தால் நிரப்பவேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரிய மெலிந்திருந்தால் பாஸ் போதாது, பொறியியலாளர் வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரையில் உலர்வாகத் துளை போடுவது, கம்பிப் பிரஷால் பாசி தேய்ப்பது இரண்டும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்குவது. பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் நின்றால் சுவர் நனைவதோடு டெங்கு நுளம்பும் பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

வாடகைக்கு வருபவர்கள் சாந்தைக் கொத்த முடியாது. அவர்கள் செய்யக்கூடியது: சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி அலுமாரியை வைப்பது, ஏசிக்காக அடைத்த யன்னல்மேல் காற்றுத் துவாரங்களைத் திறப்பது, பூஞ்சணத்தைப் பத்துக்கு ஒன்று பிளீச் கரைசலால் துடைப்பது (கழிவறை அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு வரும், ஜாக்கிரதை). சமையலறை அலுமாரிக்கு எம்டிஎஃப் பலகை வேண்டாம், விளிம்பில் நீர் பட்டால் ஊதிவிடும். கொஞ்சம் கூடச் செலவானாலும் மொரட்டுவையில் தேக்கிலோ பலாவிலோ செய்விப்பது நல்லது. குடிவரும் நாளில் ட்ரிப் சுவிச்சின் (மின்கசிவு ஏற்பட்டால் மின்னைத் துண்டிப்பது) சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் ஈரச் சுவரிலுள்ள பிளக் பொயின்ற்களைத் தொடுவதற்கு முன் மின்வேலையாளை அழையுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியை மாதம் ஒருமுறை, மின்னை நிறுத்திவிட்டு, வேகம் குறைந்த நல்ல தண்ணீரால் கழுவினால் அதன் மெல்லிய தகடுகள் பொடியாவது தள்ளிப்போகும்.

கடைசியாக, வீட்டை அழகுபடுத்தும் ஆசையில் கடற்பக்கம் ஒரு அறையோ மதிலோ கூட்டுபவர்கள் கவனிக்க: சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. மாநகர சபை அனுமதி அதற்கு ஈடாகாது. உள்ளே பெயின்ற் அடிக்க யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

இப்படிக்கு,
கட்டடப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள் இருவர்,
தெஹிவளை.