குரங்கணியோடு ரோடு முடிகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில், ‘போடியிலிருந்து குரங்கணி, டாப் ஸ்டேஷன் வழியாகக் காரில் மூணாறு போவதே சுருக்கு வழி’ என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே வரைபடம்; அதில் குரங்கணியையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்துக் கெட்டியாக ஒரு சிவப்புக் கோடு. எந்த அரசாங்கமும் இதுவரை போடாத ரோட்டை உங்கள் ஓவியர் ஒரே இழுப்பில் போட்டு முடித்துவிட்டார். போடிக்காரர்கள் சார்பில் நன்றி.

போடியிலிருந்து குரங்கணி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். உங்கள் வாசகரின் கார் அதுவரைதான் போகும். அதற்கு மேல் டாப் ஸ்டேஷனுக்கு ஏறுவது மலைப்பாதை, நடந்துதான் ஏற வேண்டும், அதுவும் வனத்துறை அனுமதியோடு. 2018 மார்ச் 11 அன்று அந்த மலையில் பிடித்த தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த வாரம் எல்லாப் பத்திரிகைகளும் குரங்கணியின் வரைபடத்தைச் சரியாகத்தான் போட்டன. தேர்தல் வந்தால் போடி மலைக் கிராமங்களுக்கு ஓட்டுப்பெட்டி குதிரை முதுகில் போகும் படத்தையும் தவறாமல் போடுகிறீர்கள். ரோடு இருந்தால் குதிரை எதற்கு என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

‘ஸ்டேஷன்’ என்ற பெயர்தான் கட்டுரையாளரை ஏமாற்றியிருக்க வேண்டும். மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப் கார் கம்பியில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, அப்புறம் போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை போனது போனதுதான். தாங்கள் அறியாததல்ல. மனிதர் ஏறிய பாதை வேறு, தேயிலைப் பெட்டி தொங்கிய கம்பி வேறு. இரண்டையும் ரோடாக்கிவிட்டது உங்கள் வரைபடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்து மண். ஆனால் காரில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று கேரளத்துக்குள் சுற்றி, மூணாறிலிருந்து இன்னும் 32 கிலோமீட்டர் போக வேண்டும். மொத்தம் 100 கிலோமீட்டர் பக்கம். கொழுக்குமலையும் அப்படியே: நிலம் நம்முடையது, ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியில்.

அடுத்த பக்கத்தில் மேகமலை. அங்கிருந்து ‘தேக்கடிக்கு இறங்கிவிடலாம்’ என்கிறார் அதே கட்டுரையாளர். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறி ஹைவேவிஸ் எஸ்டேட் போகலாம், இரவங்கலாறு வரை போகலாம், வந்த வழியே திரும்பலாம். இருட்டிய பிறகு வனத்துறைச் செக்போஸ்ட்டில் விட மாட்டார்கள். இறங்குவதற்கு அந்தப் பக்கம் ரோடு கிடையாது.

கார் வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இந்த மலைகளில் நிறையவே இருக்கிறது. போடியிலிருந்து மூணாறுக்கு நேர் வழி ஒன்றுதான்: முந்தல் செக்போஸ்ட், 17 வளைவுகள், போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். போடிமெட்டுச் சரிவு கிழக்கே பார்த்தது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதற்கு எமன். பாறைக்கு அடியில் இருக்கும் மண்ணை மழை அரித்துவிட, பாறை தானாக உருண்டு ரோட்டுக்கு வரும். மேலே, பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் நடுவே, கேரளத்துக் கேப் ரோடு சரிவது ஆனி, ஆடி மழையில். போடிமெட்டு அடைபட்டால் கம்பம் போய், கம்பம்மெட்டு ஏறி, நெடுங்கண்டம், உடும்பன்சோலை வழியாகப் பூப்பாறையைப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும்!

இறங்கும்போது செய்யும் தவறையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால், பிரேக்கை மிதித்து மிதித்து டிரம் சூடேறி பிரேக் லைனர் கருகும். வாடை வரும்போதே ஓரங்கட்டி ஆற விடாவிட்டால், அடுத்த வளைவில் மிதித்தும் வண்டி நிற்காது. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. சமவெளி டிரைவர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஏறி வருவது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பாக இருந்தால், நிறுத்தித் திரும்ப நகர்த்துவதற்குள் பின்னால் உருண்டுவிடும். அதில் எத்தனை பெண்களை அடைத்து ஏற்றுகிறார்கள் என்பது உங்கள் சுற்றுலாப் பக்கத்துக்கு வேண்டாத விஷயம்.

கேரளத்துக்குப் போக மாவட்டமே மூன்று மெட்டுகளை, அதாவது மலை தாண்டும் வழிகளை, நம்பித்தான் இருக்கிறது: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. ஐயப்பன் சீசனில் கூட்டம் மிஞ்சினால், போகும் வண்டியைக் கம்பம்மெட்டில் ஏற்றி, திரும்பும் வண்டியைக் குமுளியில் இறக்குகிறார்கள். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை போய்விட்டது. வருசநாட்டுக்காரர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று சுற்றுகிறார். 1928இல் வந்த மதுரை–போடி ரயிலை, அகலப் பாதை போடுகிறோம் என்று 2010 டிசம்பர் 31 அன்று நிறுத்தினார்கள். தேனிக்குத் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். மொத்தம் 90 கிலோமீட்டர்! அப்போது தாங்கள் போட்ட தலைப்பு ‘போடிக்குப் புதிய ரயில்’. எங்கள் தாத்தாக்கள் ஏறிய ரயில், ஐயா.

இவ்வளவு எழுதியும் நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில், அதே சுற்றுலாப் பக்கத்தில், குரங்கணிக்கு மேலே இருக்கும் சிவப்புக் கோட்டைப் புள்ளிக் கோடாக்கி, ‘நடைபாதை, வனத்துறை அனுமதி தேவை’ என்று இரண்டு வரி போடுங்கள். மேகமலைக்கு ஒரு வரி போதும். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
போடிநாயக்கனூர்.