சாப்ஸ்டிக்கும் உன் சின்னத்தாத்தாவும்

டேய் மொட்டை,

நீ திட்டி எழுதியது கிடைத்தது. பாதி நியாயம், மீதி உன் வழக்கமான வாய்க்கொழுப்பு. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முட்டி வலி, அவளுக்குச் சர்க்கரை. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் பள்ளிக்கூட வேலைக்காக என்னை இங்கே சிங்கப்பூர் பீச் ரோடு பூங்காவுக்கு இழுத்துப்போனாள். ‘சாப்ஸ்டிக்’ என்று சொல்லி வாத்தியாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாயே, அதே நினைவுச்சின்னம்தான், ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் செத்த பொதுமக்களுக்கு எழுப்பியது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறாயா? 65 மீட்டருக்கு மேல் உயரம், கழுத்து சுளுக்கிக்கொள்ளும். நாலு வெள்ளைத் தூண்கள்: சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேஷியர் என்று ஆளுக்கொன்று. அடியில் சேர்ந்து நிற்கின்றன, உச்சியில் தனித்தனி. “எதுப்பா நம்மளோடது?” என்றாள். சுற்றிச் சுற்றி வந்தேன், பார்த்தால் தெரியவில்லை. எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை. லியோங் சுவீ லிம் என்ற கட்டடக் கலைஞர் கெட்டிக்காரர்தான்.

1962-இல் இங்கே சிக்லாப் வட்டாரத்தில் தோண்டியபோது வந்த எலும்புகள் பெரும்பாலும் ஜப்பான்காரன் சுட்டுக்கொன்ற சீனர்களுடையவை. சின்னம் வேண்டுமென்று முதலில் கேட்டதும் சீன வர்த்தக சபைதான். ஆனாலும் நாலு பேருக்கும் சம அளவில் எழுப்பி, சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்து சரியாக 25 வருஷம் கழித்து, 1967 பிப்ரவரி 15-இல் திறந்தார்கள். கீழே 606 தாழிகளில் அந்த எலும்புகள். யார் யாரென்று யாருக்கும் தெரியாது.

அப்படியே எஸ்பிளனேடுக்கு நடந்தோம். அங்கே செனோடாஃப் என்ற போர் நினைவுச்சின்னத்தில் முதல் உலகப் போரில் செத்த 124 பேரின் பெயர் இருக்கிறது. பின்பக்கம் இரண்டாம் உலகப் போரில் செத்தவர்களுக்குப் பெயர் கிடையாது. தமிழோடு நாலு மொழியில் ஒரு வரி, அவ்வளவே. பக்கத்தில் ஐ.என்.ஏ., அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் செத்தவர்களுக்கான சின்னம் இருந்த இடம். போஸ் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டான். இப்போது இருப்பது 1995-இல் வைத்த அடையாளம். செத்தவனுக்கு வைத்த கல்மேல் என்னடா அவ்வளவு கோபம்?

அப்போதுதான் உன் சின்னத்தாத்தா நினைவு வந்தார். ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து பிடித்துப்போனார்களே. அந்தப் பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரி மயானத்தில் போர்க்கைதிகளுக்கு வரிசைவரிசையாகக் கல்லும் பெயரும் உண்டு. கூடவே தண்டவாளம் போட்டுச் செத்த நம் ஆட்களுக்கு அங்கே இடமில்லை. இங்கே நாலு தூணிலும் அவர் சேர்த்தி இல்லை. அவர் பெயரே எனக்குத் தெரியாது, உனக்காவது தெரியுமா?

அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேள். பெயர், எந்தத் தோட்டம், கூடப் போனது யார், எல்லாம் எழுதி அனுப்பு. ‘பார்க்கலாம்’ என்று இழுத்தாயோ, நானே ஜோகூர் பாலம் தாண்டி வந்து அவரிடம் கேட்டுக்கொள்வேன். அம்மா போட்ட ஊறுகாயையும் அள்ளிக்கொண்டு போவேன்.

நெட்டை